அயோவாவில் இருட்டடிக்கப்படும் ஆட்டம்

திங்கள் விடியலில் விமானமேறி வியாழன் இரவு வீடு திரும்பும் தொழில் ஆலோசகனான எனக்கு, விடுதி அறையில் பேஸ்பால் பார்ப்பதுதான் ஒரே ஆறுதல். அதற்காகவே ஆட்டப் பருவம் முழுமைக்கும் இணைய ஒளிபரப்புக்குச் சந்தா கட்டியிருக்கிறேன். ஆனால், செலவைக் குறைக்கும் வழிகளை வாடிக்கையாளருக்கு நாள் முழுக்க விளக்கிவிட்டு, அமெரிக்காவின் அயோவா மாநிலத் தலைநகரான டெ மாயின் நகர விடுதியில் மடிக்கணினியைத் திறந்தால், இந்த ஆட்டம் இப்பகுதியில் காட்டப்படாது என்ற அறிவிப்புதான் வரவேற்கிறது. ஓர் அணியின் உள்ளூர்ச் சந்தையில் இருப்பவருக்கு அதன் ஆட்டம் இந்தச் சந்தாவில் மறைக்கப்படும்; ஆனால் அயோவா மாநிலத்துக்கென்று முதல்நிலை அணி ஒன்றுகூடக் கிடையாது. இருந்தும் சிகாகோவின் இரண்டு அணிகளோடு செயின்ட் லூயிஸ், கான்சஸ் சிட்டி, மில்வாக்கி, மினசோட்டா அணிகளும் சேர்ந்து, மொத்தம் ஆறு அணிகள் அதைத் தங்கள் உள்ளூர்ச் சந்தை என்று பல்லாண்டுகளாகச் சொந்தம் கொண்டாடி வந்திருக்கின்றன. மிக அருகிலுள்ள மைதானத்துக்கே காரில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஆகும். வட்டாரக் கேபிள் அலைவரிசைகளின் வருமானத்தைக் காக்கப் போட்ட இந்த வேலி, மக்கள் கேபிளைத் துண்டித்து, 2023இல் அத்தகைய அலைவரிசைகளை நடத்திய பெருநிறுவனம் ஒன்று திவால் பாதுகாப்பு கோரிய பின்னரும் அசையாமல் நின்றது. காசை நீட்டுபவனையே விரட்டும் கடையை என் தொழிலில் வேறெங்கும் கண்டதில்லை (கண்டிருந்தால் அதற்கும் ஆலோசனைக் கட்டணம் வாங்கியிருப்பேன்). அதே 2023இல், எறிபவர் குறித்த நொடிகளுக்குள் பந்தை எறிந்தாக வேண்டும் என்று கடிகாரம் வைத்து, ஆட்டத்தின் சராசரி நேரத்தை 2 மணி 40 நிமிடமாகச் சுருக்கினார்கள். என் திரையில் அது என்றோ பூஜ்யமாகிவிட்டது.