பெயரை மாற்றியதற்காக அவரைப் பாராட்ட மாட்டேன்

2020 ஜூலையில், ஜோயி நீக்ரோ என்ற பெயரை இனிமேல் பயன்படுத்த மாட்டேன், என் சொந்தப் பெயரான டேவ் லீயாகவே இருந்துகொள்கிறேன் என்று ஒரு வெள்ளைக்கார பிரிட்டிஷ் டிஜே அறிவித்தார். நீக்ரோ என்பது கறுப்பினத்தவரை இழிவாகச் சொல்லும் வார்த்தை, அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் கையில் கொல்லப்பட்டு இரண்டு மாதம் ஆகியிருந்த நேரம். முப்பது வருஷம் கழித்துத்தான் உறைத்ததா என்று ஒரு கோஷ்டி, பேரில் என்ன இருக்கு, இதெல்லாம் ஓவர் என்று இன்னொரு கோஷ்டி. அந்த மனிதருடைய கணக்கைப் பார்க்க வேண்டிய இடம் அது இல்லை என்பதுதான் என் கட்சி.

ஆள் 1964இல் இங்கிலாந்தின் வைட் தீவில் பிறந்தவர், டிஸ்கோ ரெக்கார்டு பைத்தியம். எண்பதுகளின் கடைசியில் லண்டனில் ரஃப் டிரேட் என்ற ரெக்கார்டு கம்பெனியின் விநியோகப் பிரிவில் வேலை, அங்கிருந்தே ரிபப்ளிக் என்ற ரெக்கார்டு லேபிள், பிறகு சொந்தமாக இசட் ரெக்கார்ட்ஸ். பேல் ஜோயி, ஜே. வால்டர் நீக்ரோ என்ற இரண்டு அமெரிக்கக் கலைஞர்களின் பெயர்களை ஒட்டவைத்துத்தான் அந்தப் புனைபெயர் வந்தது. அன்றைக்கு ஹவுஸ் என்ற டான்ஸ் இசை என்றால் சிகாகோ, நியூயார்க்கிலிருந்து வரும் இம்போர்ட் ரெக்கார்டுக்குத்தான் மவுசு, அதனால் அந்தப் பெயரில் வியாபாரக் கணக்கும் இருந்திருக்கும் என்பது என் ஊகம். விட்டது சரிதான். சீக்கிரமே விட்டிருக்கலாம்.

ஆனால் ஹவுஸ் இசையின் நிஜமான அநியாயம் பெயரில் நடக்கவில்லை, குரலில் நடந்தது. லோலியாட்டா ஹாலோவே என்று சிகாகோ பாடகி ஒருவர். 1989இல் பிளாக் பாக்ஸ் என்ற இத்தாலியக் குழு அவருடைய பழைய டிஸ்கோ பாட்டிலிருந்து குரலை வெட்டி எடுத்துப் போட்டு பிரிட்டனில் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது, வீடியோவில் வேறொரு மாடல் அழகி வந்து வாயசைத்தார், ஹாலோவேயின் பெயர் எங்கேயும் இல்லை. வக்கீல் வைத்துத்தான் அவர் காசு வாங்க வேண்டியிருந்தது.

அதே ஹாலோவே 1979இல் டான் ஹார்ட்மனோடு பாடிய 'ரீலைட் மை ஃபயர்' பாட்டை 1993இல் டேக் தட் என்ற பிரிட்டிஷ் பாய் பேண்ட் மறுபடி பாடியபோது அதற்குத் தயாரிப்பாளர்களில் ஒருவர் நம்ம ஆள். பிரிட்டனில் முதலிடம். ஹாலோவே பாடிய இடத்தில் லூலு என்ற பாடகி. இது திருட்டில்லை, முறையான கவர்தான், இருந்தாலும் பழைய டிஸ்கோவிலிருந்து யார் யாருக்குக் காசு போனது என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 2001இல் ஜகாட்டா என்ற இன்னொரு பெயரில் வந்த 'அமெரிக்கன் ட்ரீம்' பிரிட்டனில் மூன்றாம் இடம் வரை போனது. தாமஸ் நியூமனின் சினிமா இசையின் மேல் கட்டிய டிராக், காசு பார்த்த டிராக், எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

எனக்குப் பிடித்த டேவ் லீ அதற்கு அப்புறம் வருகிறவர். 2013இல் தொடங்கிய 'ரீமிக்ஸ்ட் வித் லவ்' வரிசைக்காகப் பழைய டிஸ்கோ, சோல் பாட்டுகளின் அசல் மல்டிட்ராக் டேப்புகளைத் தேடிப் பிடித்து அனுமதியோடு வேலை செய்தார். இது லேசுப்பட்ட காரியம் இல்லை. ரெக்கார்டிலிருந்து சாம்பிள் எடுத்தால் எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் வரும், எட்டு விநாடியை வெட்டிச் சுற்றவிட்டு மேலே ஒரு கிக் டிரம் வைக்கலாம், அவ்வளவுதான். மல்டிட்ராக்கில் பேஸ், ஸ்ட்ரிங்ஸ், பின்பாட்டு எல்லாம் தனித்தனியாக இருக்கும், அசல் மிக்ஸில் அமுங்கிப்போன ஒரு கிளாவினெட் கீபோர்டையோ பாடகி கடைசியில் சும்மா முனகியதையோ முன்னால் கொண்டுவரலாம். டிரம்மர் கையால் அடித்ததால் வேகம் கொஞ்சம் ஏறும் இறங்கும், டிஜே மிக்ஸ் பண்ணத் தோதாக அதைச் சீராக்கணும், அதே நேரம் அந்த ஆட்டம் செத்துப்போகவும் கூடாது. அந்தப் பாட்டுகள் அசல் கலைஞர்களின் பெயரிலேயே வெளிவந்தன, இவர் பெயர் ரீமிக்ஸ் என்ற இடத்தில் மட்டும்.

மாதக்கணக்கில் உழைத்துவிட்டுப் பாட்டை இன்னொருவர் பெயரில் விடுவது டிஜே உலகத்தில் அபூர்வம். அங்கே ஒரு லூப்பைச் சுற்றவிட்டவனெல்லாம் தன் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுக்கொள்கிறான். ஒப்பிட விரும்பினால் பிளாக் பாக்ஸ் செய்ததையும் இதையும் வைத்து ஒப்பிடுங்கள், 2020 அறிக்கையை வைத்து வேண்டாம்.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். டேவ் லீ என்று மட்டும் போட்டுத் தேடினால் சம்பந்தமில்லாத ஆட்களும் வந்து விழுவார்கள், டேவ் லீ இசட்ஆர் (Dave Lee ZR) என்று தேடுங்கள். ஜகாட்டாவைத் தள்ளிவிட்டு அவருடைய இன்னொரு குழுவான சன்பர்ஸ்ட் பேண்டில் ஆரம்பியுங்கள், அதில் வாசிப்பவர்கள் நிஜ ஆட்கள்.