செல் பிழைத்தது சரி, பிழைக்க வைத்தது எது?

ஆய்வகத்தில் வடிவமைத்த புரதங்கள் பாக்டீரியாவைப் பிழைக்க வைத்ததை "செயற்கை உயிர் பிறந்துவிட்டது" என்று கொண்டாடிய இணையப் பதிவைக் கண்டுகொள்ளாமல்தான் இருந்தேன். கீழே சந்தேகம் கேட்டவர்களுக்கெல்லாம் "வயிற்றெரிச்சல் கோஷ்டி" என்று பட்டம் கொடுத்த பிறகு முடியவில்லை.

2011-இல் பிரின்ஸ்டனில் மைக்கேல் ஹெக்ட் குழு உயிர் எதையும் படைக்கவில்லை. புதிய புரதங்களில் எந்த இடத்தில் நீரோடு ஒட்டும் அமினோ அமிலம், எந்த இடத்தில் ஒட்டாதது என்று மட்டும் முடிவு செய்து, மற்றதைத் தற்செயலுக்கு விட்டார்கள். 102 அமினோ அமில நீளம், நான்கு சுருள்கள், சுமார் 15 லட்சம் புரத வரிசைகள். சத்துக் குறைந்த ஊடகத்தில் வளரத் தேவையான ஒரு மரபணுவை ஒவ்வொன்றிலும் நீக்கிய 27 ஈ.கோலை பாக்டீரியா வகைகளுக்குள் அவற்றை ஏற்றி, அதே ஊடகத்தில் விட்டார்கள். நான்கு வகைகள் பிழைத்தன, அதுவும் மெதுவாக வளர்ந்து.

அபாரமான வேலைதான், யார் மறுத்தார்கள்? ஆனால் செல் பிழைத்தது வேறு, மரபணுவோடு போன நொதியின் (வினையை நடத்தும் புரதத்தின்) வேலையைப் புதுப் புரதம் செய்தது வேறு.

செர்-பி என்ற மரபணுவை நீக்கிய செல்லையே எடுங்கள். பாஸ்போசெரினிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்ற ஆளில்லை, செரின் என்ற அமினோ அமிலம் கிடைக்காது. காப்பாற்றிய புரதம் அதைக் கழற்றவே இல்லை. ஹிஸ்டிடின் என்ற வேறொரு அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் பாதையில் இருக்கும் ஹிஸ்-பி நொதியைச் செல் கூடுதலாக உற்பத்தி செய்யும்படி ஆக்கியது, கழற்றியது ஹிஸ்-பி. 2016-இல் இதைச் சொன்னதும் ஹெக்ட் ஆய்வகம்தான். அவருக்கும் வயிற்றெரிச்சலோ?

தட்டில் காலனி (வளர்ந்த செல் கூட்டம்) தெரிந்ததும் கொண்டாடுகிறவர்களுக்கு: முதலில் செல்லை நன்றாகக் கழுவுங்கள், பழைய ஊடகத்தின் மிச்சச் சத்திலேயே கொஞ்சம் வளரும். புதுப் புரதத்தின் மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிடை (சிறு வட்ட டி.என்.ஏ.வை) பிரித்து, அதே மரபணு நீக்கிய புது செல்லில் ஏற்றுங்கள். அங்கே காப்பாற்றவில்லை என்றால் வளர்ந்தது செல்லின் சொந்தக் குரோமோசோமில் நேர்ந்த பிறழ்வால். சம்பந்தமில்லாத புரதம் உள்ள அதே பிளாஸ்மிடும் ஒப்பிடப் பக்கத்தில் இருக்கட்டும். கடைசியாகப் புரதத்தைத் தூய்மைப்படுத்திச் சோதனைக்குழாயில் வினை நடக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கடைசிப் படியில்தான் பல ஆட்டங்கள் முடிகின்றன.

"செல்லுக்கு வழி முக்கியமா, பிழைப்புதானே?" செல்லுக்கு முக்கியமில்லை. "செயற்கை நொதி" என்று தலைப்பு போடுகிறவருக்கு முக்கியம். நொதி வேண்டுமென்றால் அதே ஆய்வகத்தின் புதுப் புரதம் சின்-எஃப்4 இருக்கிறது: இரும்பைப் பிடித்துவரும் என்டெரோபாக்டின் என்ற மூலக்கூறைப் பிளந்து இரும்பை விடுவிக்கிறது, தூய்மையாக்கியபின் குழாயிலும் செய்துகாட்டியது, 2018. அதைப் பற்றி அந்தப் பதிவில் ஒரு வரி உண்டா?

"தமிழில் அறிவியல் எழுதுகிறவரைக் குறை சொல்லாதே" என்கிறார்கள். தமிழில் படிக்கிறவனுக்குப் பாதி உண்மை போதும் என்று யார் முடிவு செய்தது? நாகரிகமாகக் கேட்ட கேள்வி அது. நேற்று இரவிலிருந்து அந்தப் பக்கம் எனக்குத் திறக்கவில்லை.