எந்தத் திரையைத் தொறந்தாலும் லோகோ

மறுபடியும் மாத்திட்டாங்க மக்கா! குறுக்குத்துறை முருகன் கோயிலைச் சுத்தி தாமிரபரணி வெள்ளம் போறப்ப நானே எடுத்த படம் டெஸ்க்டாப்புல இருந்துச்சு. ராத்திரி லினக்ஸுக்கு (விண்டோஸ் மாதிரி கம்ப்யூட்டரை ஓட்டுற சிஸ்டம்) அப்டேட் போட்டேன், காலைல பார்த்தா அங்க அதைச் செஞ்சு தர்றவங்க லோகோ. கம்ப்யூட்டரைப் போட்டதும் எந்த சிஸ்டம் வேணும்னு கேக்குற கிரப் மெனுவில லோகோ, பூட் ஆகும்போது லோகோ, லாகின்லயும் லோகோ. இது என் கம்ப்யூட்டரா, விளம்பரப் பலகையா?

2010ல உபுண்டுங்கிற லினக்ஸோட 10.04 பதிப்பு, ஜன்னலை மூடுற, சுருக்குற பட்டனையெல்லாம் இடப்பக்கம் தூக்கிட்டுப் போச்சு. கை பழகுனப்புறம் 2017ல, 17.10ல, திரும்ப வலப்பக்கம். எதுக்கு இந்த அலைச்சல்? ஜன்னல், பட்டனோட தோற்றத்தை மாத்துற தீம் ஆவது நம்ம இஷ்டம்னு பார்த்தா, லிப்அட்வைட்டாங்கிற நிரல் தொகுப்பை வச்சுச் செஞ்ச ஆப்கள், நாம போட்ட ஜிடிகே (ஜன்னல், பட்டன் வரையுற கருவி) தீம்களை மதிக்கிறதே இல்ல. ஒரு ஜன்னல்ல பட்டன் சதுரம், அடுத்ததுல வட்டம். பாளையங்கோட்டை அத்தை கண்ணாடியைத் துடைச்சுத் துடைச்சு, "ஏல, மூடுற குறி எங்கல போச்சு?"ன்னு கேக்காவ. என்னத்தச் சொல்ல?

ஆத்துப் படத்தை இப்ப நாலாவது தடவையா வச்சிருக்கேன்.