அம்மாவோட பித்தளைப் பாத்திரங்களைப் பத்தி இதுதான் என் கடைசிப் பதிவு

போகி அன்னைக்குக் காலையில ஆறு மணிக்கு எங்க குடும்ப வாட்ஸப் குழுவுல பெரியண்ணன் ஒரு படம் போட்டார். எரியுற பாய், பக்கத்துல ஒரு பொங்கப்பானை, கீழே கொட்டை எழுத்துல 'பழையன கழிதலும் புதியன புகுதலும்'. பதினோரு பேர் கும்பிட்டிருந்தாங்க. நானும்தான் கும்பிட்டேன். அன்னைக்கு ராத்திரியே அதே அண்ணன், அதே குழுவுல, "அம்மா பாத்திரத்தை விக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?"ன்னு கேட்டார்.

மத்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். லாஃப்டுலயும் அதுக்குக் கீழேயும் இருந்த அம்மாவோட பித்தளைப் பாத்திரங்களை எடைக்கு வித்துட்டேன். காலி லாஃப்ட் படத்தை நான் இங்க போட்டிருக்கக் கூடாது, ஒத்துக்கறேன். அதுக்குக் கீழே சொந்தக்காரங்களும் சொந்தமே இல்லாதவங்களும் சேர்ந்து எனக்கு நடத்தின பாடத்தை மூணு நாளாப் படிச்சுட்டுத்தான் இதை எழுதறேன். கோவமா எழுதலை. நிதானமாத்தான் எழுதறேன்.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். வெச்சுக்க இடம் கொடுக்காதவங்க, வெச்சுக்கோன்னு சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

மாயவரம் வீட்டை வித்தப்ப அந்தப் பாத்திரமெல்லாம் யார்கிட்ட வந்துச்சு? ரெண்டு அண்டா, ஒரு தவலை, மூணு குடம், வெங்கலப் பானை, சருவச்சட்டி, தாம்பாளம் நாலு, அப்புறம் சில்லறைச் சொம்புகள். பெரியண்ணனுக்கு பெங்களூர்ல மாடுலர் கிச்சன், அதுல அண்டா நுழையாதாம். சின்னண்ணன் நியூஜெர்சி. அதனால எழுநூத்தம்பது சதுர அடி வாடகை வீட்டுல இருக்கற என்கிட்ட வந்துச்சு. ஆறு வருஷத்துல மூணு வீடு மாறினேன். மூணு தடவையும் சாமான் ஏத்த வந்த பையன் அந்தப் பெரிய அண்டாவைப் பார்த்துட்டு, "அக்கா, வீட்டுல கல்யாண மண்டபம் வெச்சிருக்கீங்களா?"ன்னு கேட்டான். கேட்டதுக்குத் தனியா ஐந்நூறு ரூபாயும் வாங்கினான்.

பித்தளை சும்மா இருக்கற சாமான் இல்லைங்க. மெட்ராஸ் காத்துல ஒரே மாசத்துல கறுக்கும், அப்புறம் பச்சை பூக்கும். புளி போட்டுத் தேய்ச்சா கை எரியும். தேய்ச்ச அன்னைக்குத் தங்கம் மாதிரி மின்னும், அதைப் படம் எடுத்துப் போட்டா "அம்மா ஞாபகம் வந்துடுச்சு"ன்னு நியூஜெர்சியில இருந்து ஒரு இதயம் வரும். புளி வராது. ஈயம் பூசாம அதுல சமைக்கவும் முடியாது. ஈயம் பூசறவர் தெருவுல கூவிக்கிட்டு வந்து எத்தனை வருஷம் ஆச்சு, யாராவது சொல்லுங்க.

மூணு தடவை குழுவுல கேட்டேன், யாருக்கு எது வேணும்னு. ஆடியில ஒரு தடவை, தீபாவளிக்கு முன்னாடி ஒரு தடவை, மார்கழி பொறந்ததும் ஒரு தடவை. கட்டைவிரல் வந்துச்சு, ஆள் வரலை. வித்த மறுநாள் மட்டும் ஒரே ராத்திரியில அறுபது மெசேஜ்.

இப்ப அண்ணன் படத்துல போட்ட அந்தச் சூத்திரத்துக்கு வர்றேன், விட மனசில்லை. இருபது வருஷமாப் பள்ளிக்கூடத்துல தமிழ் எடுக்கறேன். அது போகி வாழ்த்து இல்லை. பதிமூணாம் நூற்றாண்டுல பவணந்தி முனிவர் எழுதின நன்னூலோட கடைசிச் சூத்திரம். 'பழையன கழிதலும் புதியன புகுதலும் வழுவல கால வகையினானே.' இலக்கணத்தைப் பத்திப் பேசுது. பழைய வழக்குகள் போறதும் புதுசு வர்றதும் காலத்தால நடக்கற விஷயம், அது பிழை இல்லைங்கறார். கடைசி வரியை வெட்டிட்டுத்தான் எல்லாரும் படம் போடறாங்க. எனக்கு இப்ப வேண்டியதே அந்த 'வழுவல'தான். பிழை இல்லை.

ஒரு தமிழ் டீச்சர் தோழி உடனே திருத்தினா. "அது கழித்தல் இல்லடி, கழிதல். தானாப் போகணும். நீ ஆட்டோ வெச்சு ஏத்தி அனுப்பியிருக்க." சரி. அவ சொல்றது இலக்கணப்படி சரிதான். ஆனா முப்பத்தெட்டு கிலோ பித்தளை தானாப் போகாது.

இன்னொருத்தர் உ.வே.சா.வைக் கொண்டு வந்தார். அவர் மாதிரி பழசைக் காப்பாத்தினவங்க இருந்ததாலதான் இன்னைக்கு உனக்குப் புறநானூறு பாடம் நடத்தச் சம்பளம் வருதுன்னார். உண்மைதான், 1894-ல அவர் அச்சுல கொண்டு வரலைன்னா நான் எதை நடத்துவேன்? கரிவலம்வந்தநல்லூர்ல கோயில் ஏடுகளைத் தேடிப் போனவருக்கு, பழுதுபட்ட சுவடியையெல்லாம் முறைப்படி நெய்யில தோய்ச்சு ஹோமத்துல போட்டாச்சுன்னு பதில் கிடைச்சதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் வயிறு எரியும். ஆனா ஐயா, அவர் ஊர் ஊராப் போய்த் தூக்கிட்டு வந்தார். "நீங்களே பத்திரமா வெச்சிருங்க, நான் ஃபேஸ்புக்ல பாராட்டறேன்"னு சொல்லலை. அதோட, என் அண்டாவுல பாட்டு ஒண்ணும் எழுதியிருக்கலை.

'ஆன்டிக்னு வித்திருந்தா நல்ல விலை வந்திருக்குமே'ன்னவங்களுக்குப் பதில் இல்லை. போய் வித்துப் பாருங்க.

ஆனா காசுக்கு ஆசைப்பட்டுட்டேன்னு எழுதினது அண்ணி. அதுக்கு மட்டும் கணக்குச் சொல்றேன். எடை முப்பத்தெட்டு கிலோ. இரும்பு வளையம், ஈயம்னு ரெண்டு கிலோ கழிச்சுக்கிட்டார் கடைக்காரர். கிலோ 450 வீதம் 16,200 ரூபாய். மூணு பங்கு போட்டு ஆளுக்கு 5,400 அன்னைக்கே ஜிபேல அனுப்பிட்டேன். ஆட்டோ கூலி என் பங்குல. திட்டினவங்க யாரும் இதுவரைக்கும் அந்த 5,400-ஐத் திருப்பி அனுப்பலை. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

அம்மா இருந்தா என்ன நினைச்சிருப்பாங்கன்னு ஆளாளுக்குக் கேக்கறீங்க. அம்மாவை உங்களுக்கு என்ன தெரியும்? எனக்குப் பத்து வயசு இருக்கும்போது எங்க வீட்டுத் திண்ணையில எவர்சில்வர் பாத்திரக்காரர் கூடையை இறக்கினார். அப்பாயி வெச்சுட்டுப் போன வெங்கல உருளியையும் ரெண்டு சரிகைப் புடவையையும் கொடுத்துட்டு அம்மா வாங்கினது எவர்சில்வர் அடுக்கு, ஏழு டப்பா. ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகும். அன்னைக்கு அம்மா முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், லேசா இருக்குன்னு ஒவ்வொண்ணாத் தூக்கித் தூக்கிக் காட்டினாங்க. அப்பா சித்தப்பா யாரும் ஒரு வார்த்தை கேக்கலை. ஏன்னா தேய்க்கறது யாருன்னு அவங்களுக்குத் தெரியும். என்கிட்ட வந்த பித்தளை, பாத்திரக்காரர் அடுத்த தடவை வராததால மிஞ்சினது. இதைச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க.

அந்த லாஃப்டுக்குக் கீழேதான் தவலையும் குடங்களும் அடுக்கியிருந்துச்சு. இப்ப அங்க ஒரு மேஜை போட்டிருக்கேன். பொண்ணு பன்னெண்டாவது. இவ்வளவு நாள் கட்டில்ல குப்புறப் படுத்துதான் எழுதினா. நேத்து ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கைப் போட்டு அங்க உக்காந்து கெமிஸ்ட்ரி போட்டுக்கிட்டிருந்தா. அதையும் படம் எடுத்தேன். போடலை. எதுக்கு, அதுக்கும் யாராவது அம்மாவைக் கூப்பிடுவீங்க.

அம்மாவோட கடைசி நாலு மாசத்துல ராத்திரி யார் பக்கத்துல படுத்திருந்தாங்கன்னு நான் கேட்டேனா? கேக்கலை. 2018 போகிப் புகையில விமானம் இறங்க முடியாம திருப்பி விட்டாங்களே, அதுல மாட்டிக்கிட்டு ஒரு நாள் தாமதமா வந்த சின்னண்ணன் அந்தக் கதையை இன்னைக்கு வரைக்கும் சொல்றார். அந்த ஒரு நாளும் அம்மா வாசலைப் பார்த்தே இருந்ததை நான் சொன்னதே இல்லை. இப்ப சொல்லிட்டேன், விடுங்க. பாத்திரத்தைப் பத்திதான் பேசிக்கிட்டிருந்தேன்.

ஒண்ணு மட்டும் பாக்கி. எடை போடும்போது கடைக்காரர் ஒரு சின்னச் சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "பேர் வெட்டியிருக்கும்மா, பரவாயில்லையா?"ன்னார். புள்ளி புள்ளியா அம்மா பேர், 1971, கல்யாணச் சீர். வெட்டினவர் சின்ன ரகரத்துக்குப் பதிலா வல்லின றகரம் போட்டிருக்கார். அம்மா அதை வாழ்நாள் பூரா கவனிச்சதே இல்லை போல. எனக்கு மட்டும் சிவப்புப் பேனா கையில இருக்கற மாதிரி விரல் நீண்டுச்சு.

அதைத் தராசுல இருந்து எடுத்துட்டேன். முந்நூறு கிராம் இருக்கும். கணக்குல சேர்க்கலை, இப்பத்தான் சொல்றேன். பொண்ணு மேஜையில பேனா போட்டு வெச்சிருக்கா. பெரியண்ணா, இதைப் படிச்சுட்டு அதுல பங்கு கேட்டு போன் பண்ணாதீங்க.