இரண்டாம் இலக்கம் யாருக்கு?

"நாங்கள்தான் தீர்மானிக்கும் சக்தி." இலங்கையின் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் தமிழர் வாக்கைப் பற்றிய இந்தப் பேச்சு திருகோணமலைச் சந்தை வரை வந்துவிடுகிறது. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கிண்ணம் யாருக்கு என்பதைக் கடைசி இடத்து உதைபந்தாட்ட அணி முடிவு செய்ய வேண்டுமானால், மேலே இருக்கும் இரண்டு அணிகளும் புள்ளியில் ஒட்டி நிற்க வேண்டும். அது கடைசி அணியின் கையில் இல்லை.

2005இல் அப்படி நின்றார்கள். வென்ற மகிந்தவுக்கும் தோற்ற ரணிலுக்கும் இடையில் சுமார் 1 இலட்சத்து 81 ஆயிரம் வாக்குகள்தான் வித்தியாசம். புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தவர்கள் 1.21 வீதம். போடாத வாக்கு ஒரு ஜனாதிபதியைத் தந்தது. 2019இல் வடக்கும் கிழக்கும் திரண்டு சஜித்துக்குப் போட்டன. கோட்டாபய 52.25 வீதத்தோடு வென்று போனார். போட்டும் எடுபடவில்லை.

2024தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. முதல் எண்ணிக்கையில் எவரும் பாதியைத் தாண்டவில்லை. அநுரவையும் சஜித்தையும் தவிர மற்ற எல்லோரும் நீக்கப்பட்டார்கள். அப்படி நீக்கப்பட்டவர்களின் சீட்டுகள் 33 இலட்சத்துக்கும் மேல். அவற்றில் 2 அல்லது 3 என்ற இலக்கம் மிஞ்சிய இருவரில் ஒருவருக்கு இடப்பட்டிருந்தால், அந்த வாக்கு அவருக்குச் சேரும். முன்னால் நின்ற இருவருக்கும் இடைவெளி 13 இலட்சம்கூட இல்லை. தோற்றவர்களின் சீட்டுகளுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு எப்போது வரும்? ஆனால் இரண்டாம், மூன்றாம் விருப்பாக இருவருக்கும் சேர்ந்தது 2 இலட்சத்து 73 ஆயிரம்தான். மற்றவை பெரும்பாலும் ஒரு புள்ளடியோடோ, வெறும் 1 என்ற இலக்கத்தோடோ நின்றுவிட்டன. முழத்தைத் தாண்டி நீண்ட அந்தச் சீட்டில் 2 என்று எழுத இடமா இல்லை? (பாராளுமன்றத் தேர்தலின் விருப்பு வாக்கோடு இதைக் குழப்பிக்கொண்டவர்களும் நம்மில் நிறையப் பேர்.)

தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு 2 இலட்சத்து 26 ஆயிரம் வாக்குகள் கிடைத்தன. 2005இன் இடைவெளியை அது தனியாகவே விழுங்கியிருக்கும். 2024இல் கணக்குக்கே வரவில்லை. அவர் நின்றதை நான் குறை சொல்லவில்லை. முதல் வாக்கு மனதுக்கு, இரண்டாவது பேரத்துக்கு என்று சட்டமே வழி வைத்திருக்கிறது. அந்தப் பேரத்தை வாக்களிப்புக்கு முன்பே, இரண்டு பெரிய கட்சிகளோடும், எழுத்தில் பேச வேண்டும். ஒருவரோடு மட்டும் பேசப் போனால் அவர் தேநீர் தந்து அனுப்பிவிடுவார். முடிவு வந்த பின் போனால் அந்தத் தேநீரும் கிடைக்காது.

அடுத்த முறை யார் இங்கே மேடை போட்டாலும் நான் கேட்கப்போவது இதுதான்: 1 உங்களுக்கு, சரி. 2 யாருக்கு, எதற்குப் பதிலாக?