பரண் மேல் இருந்த மஞ்சப்பை

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு மஞ்சப்பை மூன்று வருடம் கிடந்தது. அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள், அவருடைய காகிதங்களை எல்லாம் அம்மா அதில் போட்டு, வாயைச் சணலால் கட்டி என் கையில் கொடுத்தாள். "நீதான் படிச்சவ, பாத்து முடிச்சுரு தாயி" என்றாள். நான் வாங்கிப் பரண் மேல் வைத்தேன். அதன்பின் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் "அடுத்த வாரம் எடுத்துரலாம்" என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை இல்லை. அப்பாவின் வங்கிக் கணக்கில் நாமினி போடவில்லை. இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அனுப்பினால் தாசில்தார் கொடுப்பார். அதை வங்கியில் காட்டினால் பணம் கைக்கு வரும். ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் மண்டபம் என்ற ஊரில் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் நான். அடுத்தவர் ரசீது எதுவும் என் மேசையில் ஒரு ராத்திரி தங்காது. என் அப்பாவின் பாஸ்புக் மட்டும் மூன்று வருடம் தூசியில் கிடந்தது.

அந்தக் கணக்கில் 41,000 ரூபாய் இருந்திருக்கிறது. அது தெரியாமல் அம்மா தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தன் தோட்டை அடகு வைத்தாள். மாதாமாதம் வட்டி கட்டினாள். "அந்தப் பை என்னாச்சு" என்று என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இதைத் தட்டச்சும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

இத்தனை நாளும் நான் சோம்பேறி என்றுதான் நினைத்தேன். என்னை அப்படியே திட்டிக்கொண்டேன். அது தப்பு என்று இப்போது உறுதியாகச் சொல்கிறேன். வள்ளுவரின் 605-ஆம் குறளைப் பாருங்கள். நெடுநீர், மறவி, மடி, துயில் என்று நான்காக எண்ணுகிறார். நெடுநீர் என்றால் காலத்தில் செய்ய வேண்டியதை நீட்டுவது. மடி என்றால் சோம்பல். இரண்டும் ஒன்றென்றால் அவர் ஏன் தனித்தனியாகச் சொல்ல வேண்டும்? இந்த நான்கையும் கெட்டுப்போகிறவர்கள் ஆசைப்பட்டு ஏறும் மரக்கலம் என்று விளக்குகிறது பரிமேலழகர் உரை. எனக்கு அந்த 'ஆசைப்பட்டு' தைக்கிறது. ஏறும்போது இதமாகத்தான் இருக்கிறது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொன்ன நிமிடம் நெஞ்சில் இருக்கும் பாரம் இறங்கிவிடுகிறதே, அந்த இதம்தான் நம்மை ஏற்றிக்கொண்டு போகிறது.

ஃபியூஷியா சிரோய்ஸ், திமோதி பிச்சில் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013-இல் எழுதிய கட்டுரையில் இதையேதான் சொல்கிறார்கள். தள்ளிப்போடுகிறவர் வேலையை விட்டு ஓடுவதில்லை, அந்த வேலையைத் தொட்டால் வரும் மனக்கசப்பை விட்டுத்தான் ஓடுகிறார். என் விஷயத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை. விண்ணப்பம் எழுத எனக்குப் பயம் இல்லை. அந்தப் பையைப் பிரித்தால் அப்பாவின் கையெழுத்து இருக்கும். அதுதான் பயம்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அப்பாவின் இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். அழுதுகொண்டே போய்ப் பதிவு செய்துவிட்டேன். வாரிசுச் சான்றிதழுக்கு யாரும் கெடு வைக்கவில்லை. அதனால் அது பரணுக்குப் போனது. கரண்ட் பில், பரீட்சைக் கட்டணம் எல்லாம் எப்படியோ கட்டிவிடுகிறோம். உடம்பை டாக்டரிடம் காட்டிக்கொள்வது, உறவைச் சரிசெய்வது, பத்திரத்தை மாற்றுவது போன்ற பெரிய காரியங்களுக்கு யாரும் தேதி குறித்துக் கொடுப்பதில்லை. வாழ்க்கையைக் கெடுப்பது இந்தத் தேதி இல்லாத வேலைகள்தான்.

எனக்குக் கண் திறந்தது போன தடைக்காலத்தில். வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கும் காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது, எஞ்சினைப் பிரிப்பது, வலையைச் சரிபார்ப்பது எல்லாம் அப்போதுதான் நடக்கும். அப்பாவோடு ஒரே படகில் போன பெரியப்பா ஒருவர், ஊருக்கு வடக்கே இருக்கும் வடகடல் ஓரமாகப் பூவரச மரத்தடியில் வலை பார்த்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வரும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அவரைச் சுற்றி வலை ஒரு வைக்கோல் போர் மாதிரிக் குவிந்து கிடந்தது. கிழிசலின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டார். பின்னத் தொடங்குவார் என்று பார்த்தால், கத்தியை எடுத்துக் கிழிசலை இன்னும் கொஞ்சம் வெட்டினார். பிய்ந்து தொங்கிய நூலெல்லாம் போய் ஓரம் சுத்தமான பிறகுதான் ஊசி உள்ளே போனது. ஒரு கண், ஒரு முடிச்சு. அடுத்த கண், அடுத்த முடிச்சு. பக்கத்தில் நூல் சுற்றிய ஊசிகள் ஏழெட்டு வரிசையாக இருந்தன.

"இத்தனை ஊசி எதுக்குப் பெரியப்பா?"

"ராத்திரியே சுத்தி வச்சுட்டுத்தான் படுப்பேன். காலையில வந்து சுத்தலாம்னு இருந்தா, ஒரு டீ குடிச்சுட்டு வருவோம்னு தோணும். அப்புறம் அன்னைக்குப் பொழுது போச்சு."

"இம்புட்டு வலையையும் எப்ப முடிப்பீங்க?"

"எம்புட்டு இருக்குன்னு பாக்கக் கூடாது தாயி. பாத்தா கை ஓடாது. காலுக்கிட்ட எது கெடக்கோ அதைத்தான் பாக்கணும்."

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் எழுதியதைப் பிறகு படித்தேன். "செய்வேன்" என்று நினைப்பதைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள் அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்கிறார். பெரியப்பாவின் ஊசியைப் பார்த்தவளுக்கு அது சட்டென்று புரிந்தது.

அன்று ராத்திரி பையை இறக்கித் திண்ணையில் வைத்தேன். பிரிக்கவில்லை. மறுநாள் காலை காப்பி குடித்த கையோடு, அதே திண்ணையில், ஆதார் நகலை மட்டும் தேடி எடுப்பது என்று முடிவு செய்திருந்தேன். சணலை அவிழ்த்ததும் டீசல் வாசம் வந்தது. மூன்று வருடம் ஆகியும் போகவில்லை. ரேஷன் கார்டு நகல், சங்க அட்டை, அவற்றுக்கு நடுவே ஒரு பழுப்பு நோட்டு. விரித்த பக்கத்தில் அப்பாவின் எழுத்து: "நண்டு 6 கிலோ. கணவாய் 9. பாப்பா ஃபீஸ் 1200." மூடிவிட்டு அழுதேன். கால் மணி நேரம் அழுதிருப்பேன். பிறகு ஆதார் நகலை எடுத்துத் தனியாக வைத்தேன். மூன்று வருடம் நான் பயந்து ஓடியது அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான்.

ஒரு விஷயத்தில் குழப்பம் வேண்டாம். எல்லாத் தாமதமும் தள்ளிப்போடுவது ஆகாது. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் யாரும் கடலுக்குப் போவதில்லை. கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும்போது ஊருக்குத் தெற்கே இருக்கும் தென்கடல் கொந்தளிக்கும், வாடைக் காற்று வந்தால் வடகடல் புரளும். காற்றுக்கு ஏற்றபடி இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் படகை மாற்றுகிறவர்கள் நம் ஆட்கள். அவர்கள் காத்திருக்கிறார்கள். எதற்காக என்று கேட்டால் பதில் இருக்கும். என் மஞ்சப்பைக்கு அப்படி ஒரு பதில் என்னிடம் இல்லவே இல்லை.

பெற்றோர்களிடம் ஒரு கோரிக்கை. பிள்ளை புத்தகத்தைத் தொடாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தால் "சோம்பேறி, உருப்பட மாட்டே" என்று தயவுசெய்து திட்டாதீர்கள். எதற்குப் பயப்படுகிறான் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் வோல் குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த தேர்வுக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். திட்டத் திட்ட அந்த வேலையின் மேல் கசப்புதான் ஏறுகிறது. கசப்பு ஏறினால் இன்னும் தூரம் ஓடுவார்கள். நான் அப்படித்தான் ஓடினேன்.

சான்றிதழ் வந்தது, பணமும் வந்தது. தோட்டை மீட்ட அன்று அம்மா கண்ணாடி முன்னால் நின்று போட்டுப் பார்த்தாள். காதுத் துளை கொஞ்சம் தூர்ந்திருந்தது. தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாக நான்தான் ஏற்றிவிட்டேன். அப்போதும் அவள் எதுவும் கேட்கவில்லை. "மன்னிச்சுக்க ஆத்தா" என்று நானாகச் சொன்னேன். என் தலையைத் தடவிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

அந்தப் பழுப்பு நோட்டு மட்டும் இன்னும் பையில்தான் இருக்கிறது. பை இப்போது பரணில் இல்லை, அலமாரியின் முதல் தட்டில் இருக்கிறது. தங்கச்சி சித்திரை லீவுக்குப் பிள்ளைகளோடு வருகிறாள். அவள் வந்த மறுநாள், காலைக் காப்பிக்குப் பிறகு, திண்ணையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சேர்ந்து முதல் பக்கத்திலிருந்து வாசிப்பதாக இருக்கிறோம்.