விறாந்தையிலை ஒரு கோழி

(கிளிநொச்சி, இரணைமடுப் பக்கம் ஒரு வீடு. மேசன் குந்தியிருந்து, கொக்சோ பிளேட்டாலை நிலத்தைச் சுரண்டிப் பாக்கிறார்.)

மேசன்: அக்கா, உது ஓடோ? பனங்கட்டிப் பாகு ஊத்தி விட்ட மாதிரியெல்லோ கிடக்கு.

அக்கா: சுட்ட களிமண் ஓடு தம்பி. பதிச்ச புதுசிலை ஒட்டுசுட்டான் ஓடு மாதிரிச் சிவந்து கிடந்தது. உங்கட அண்ணை விட்டால்தானே.

மேசன்: ஒண்டு, ரெண்டு, மூண்டு... நாலு படை!

அக்கா: அடியிலை குடிபூரலுக்குப் பூசின மெழுகு. அதுக்கு மேலை மூத்தவளின்ரை சாமத்தியவீட்டுச் சிவப்புப் பொலிஷ். பிறகு கலியாணவீட்டு வார்னிஷ்.

மேசன்: நாலாவது?

அக்கா: மழைக்குக் கிரிக்கெட் மேட்ச் நிண்ட நாள்.

மேசன்: மெழுகுக்கு மேலை வார்னிஷ் பிடிக்குமே? அதுதான் பாம்புச் செட்டை மாதிரி உரியுது. அதுசரி, மூட்டுச் சீமெந்து எங்கை?

அக்கா: கக்கூஸ் கழுவுற அசிட் கொஞ்சம் ஊத்தினனான்...

மேசன்: ஐயோ அக்கா! அசிட் வார்னிஷைத் தொடாது. சீமெந்தைத்தான் தின்னும்.

அக்கா: அப்ப மெசினைப் போட்டு உரஞ்சன்.

மேசன்: உரஞ்சினால் ஓட்டின்ரை சுட்ட தோலும் போயிடும். பேந்து ஒருசொட்டுக் குழம்பு சிந்தினாலும் குடிச்சுப்போடும். பெயின்ற் ரிமூவரைத் தடிப்பாப் பூசி, பொலித்தீனாலை மூடி, கால் மணித்தியாலம் விடோணும். வார்னிஷ் சுருங்கிக் கிளம்பும், மரத் தட்டையாலை வழிக்கலாம். அடி மெழுகுக்கு டர்பன்டைன். கதவு யன்னல் எல்லாம் திறந்து கிடக்கோணும், அடுப்பு மூட்டப்படாது.

அக்கா: சாப்பாடு?

மேசன்: கடைப் பாண்.

அக்கா: அண்டைக்கே புதுசு பூசலாமோ?

மேசன்: அண்ணையோடை இருந்து உங்களுக்கும் தொத்தீட்டுது. கழுவின ஓடு தண்ணி குடிச்சிருக்கும். ஈரத்தோடை பூசினால் பால் ஊத்தின மாதிரி வெளுத்துப்போகும். இப்ப சோளகம் எண்டபடியாலை கெதியாக் காயும். மாரியெண்டால் நான் இந்தப் படலையே திறந்திருக்கமாட்டன்... அக்கா, இதென்ன, வார்னிஷுக்குள்ளை கோழிக்கால்?

அக்கா: எங்கட வெள்ளைச்சி. கலியாணவீட்டு வார்னிஷ் காய முந்தி நடந்திட்டுது. திரத்தப் போய் விழுந்த உங்கட அண்ணையின்ரை குண்டி அடையாளம், அங்கை, தூணடியிலை.

மேசன்: பேந்து கோழி?

அக்கா: அண்டு பின்னேரமே கறி. பாவம்.

மேசன்: சரி, எங்கையிருந்து தொடங்க?

அக்கா: தூணடியிலையிருந்து தொடங்கு தம்பி. கோழியை விட்டிடு.